பத்தாம் வகுப்பை யாரிடம் விடுவது

ஏனுங்க,

நேற்று நம் கூடத்தில் டெல்லியிலிருந்து வந்த அதிகாரி சோபாவில், நீங்கள் அவர் பக்கத்தில், நம் மகள் ஜனனி சோபாக் கைப்பிடியில்; நான் சமையலறை வாசலில் நின்றேன். "மேடம் டீச்சர் வேலையை விட்டுருவாங்கல்ல சார்?" என்றார். "அதெல்லாம் விட்டுருவாளுங்க" என்றீர்கள். நாட்டுக்கே ஜனாதிபதியாகப் போகிறவர், பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ராஜினாமா எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாதியில் நிற்கிறது. விடுப்பென்றால் ஐந்து வருடமா கேட்பது? ஒன்றும் புரியவில்லை. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாசுக்குக் கிளம்பிவிட்டேன்.

இட்லி ஹாட்பாக்ஸில். வாசல் போலீஸ்காரர்களுக்கும் கொடுங்கள்.

பி.கு: பதவியேற்பு அன்றைக்கு மட்டும் விடுப்புக் கேட்டிருக்கிறேன். காரணம்: வீட்டில் விசேஷம். நேரில் கொடுத்தால் தலைமையாசிரியர் இப்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுகிறார். அதனால் உறையை ஒட்டி ஜனனியிடம் கொடுத்தனுப்பிவிட்டேன்.