வாலாஜாபாத்தில் நிரப்பிய கேஸ்

காஞ்சிபுரம்
வைகாசி 20

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், வெயில் ஒன்றுதான் எங்களைப் படுத்துகிறது. ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் ஒரு தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வரதரை வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். நம் வீடு இருக்கிற அளவுக்குப் போனில் என்ன பேசினாலும் அப்பா காதில் விழும், இது அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியது. பயந்துவிடாதே, நல்ல விஷயம்தான். ஆனால் அதில் என் தப்பு ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தை மாதம் நீ வந்தபோது கொண்டு வந்தாயே சோடா மெஷின், அது வந்த அன்று அப்பா குடியை விட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ஆறு மணி அடித்தால் அவர் கை ஒரு கிளாஸைத் தேடும்மா, அந்தக் கையில எதையாவது கொடுக்கணும் என்று நீ சொன்னாய். குடியை விட்டவருக்குச் சோடாவைக் கொடுத்தால் கூடவே பிராந்தியும் கேட்பாரே என்று நான் உன்னிடம் சண்டைக்கு வந்தேன். நீ சொன்னதுதான் சரியாகப் போயிற்று. தினமும் சாயங்காலம் அவரே பாட்டிலில் ஐஸ் தண்ணீர் பிடித்து, மெஷினில் மாட்டி, மூன்று தரம் அழுத்தி, எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டு உட்கார்ந்தால் ஏழரை வரைக்கும் அதே கிளாஸ்தான். எதிர்வீட்டு ரேணுகாம்பாள் கூட, வயிறு கடமுடா பண்ணுதுக்கா என்று சொல்லிக்கொண்டு ஒரு சொம்போடு வந்துவிடுகிறாள். ஐந்து மாதமாக இப்படியே ஓடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, சோடா மெஷினுக்கு நீ வாங்கி வைத்திருந்த கடைசி சிலிண்டரிலும் கேஸ் தீர்ந்துவிட்டது. உஸ் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நீ சிலிண்டர் வாங்கிய சென்னைக் கடைக்காரரைக் கேட்டால், காலி சிலிண்டரைக் கொடுத்தால் ரொம்பின சிலிண்டர் தருவோம், பத்து நாள் ஆகும் என்கிறார், விலையைக் கேட்டால் மெஷினையே இன்னொன்று வாங்கிவிடலாம் போல இருக்கிறது. பிரியாகிட்ட சொல்றேன், அவள் பணம் கட்டுவாள் என்றேன். அப்பாவுக்கு வந்ததே கோபம், நான் குடிச்சப்பவும் அவதான் அழுதா, இப்ப குடிக்காததுக்கும் அவ சம்பளமா, வாயத் தொறக்காத என்று கத்தினார். அப்புறம், அதிலும் இதே கரியமில வாயுதானே என்று தீயணைப்பு சிலிண்டர் நிரப்பும் கடையில் போய்க் கேட்டிருக்கிறார். கேஸ் பேரு ஒண்ணுதான் சார், ஆனா குடிக்கிறதுக்குன்னா நான் குடுக்க மாட்டேன் என்று அந்த மனிதர் நியாயமாகச் சொல்லி அனுப்பிவிட்டார். திங்கள், செவ்வாய் இரண்டு சாயங்காலமும் வெறும் தண்ணீரைக் கிளாஸில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடிக்கவில்லை, கிளாஸைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை காலையில் வழக்கம்போலக் கிளம்பினார். மத்தியானம் மூன்று மணிக்குப் பட்டுநூல் கடை முதலாளி போன் பண்ணி, தனராஜ் இன்னா இன்னிக்கு வரலையா, எடை போட ஆள் இல்லாம சரக்கு அப்படியே கிடக்குது என்கிறார். அப்பா போனுக்கு அடித்தால் அது அலமாரி மேல் சார்ஜில் மாட்டிக்கிடக்கிறது. நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்கே தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அந்தப் பிராந்திக் கடைக்குத்தான் போனேன். எதிரே டீக்கடை ஓரம், பஸ் நிறுத்தம் இருக்கிறதே, நீ பத்தாவது படிக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாயே, அதே இடம். கருடசேவைக்கு வந்த கூட்டம் இன்னும் முழுசாகக் கலையவில்லை, அத்தனை பேர் நடுவில் ஒரு மணி நேரம் கடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து மாதமும் போச்சு என்று மனசுக்குள் எழுதியே முடித்துவிட்டேன்.

அப்போது வாலாஜாபாத் பஸ் வந்து நின்றது. அப்பா இறங்கினார். கையில் மஞ்சள் பை. என்னைப் பார்த்தார், நான் பார்த்துக்கொண்டிருந்த கடையையும் பார்த்தார். எனக்கு நின்ற இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவர் கிட்டே வந்து, இன்னா கௌசல்யா, நீ எங்க இங்க, சோடா வாங்க வந்தியா என்றார். சொல்லிவிட்டுப் பையைத் திறந்து காட்டினார், உள்ளே துண்டில் சுற்றின சிலிண்டர், பக்கத்தில் அவருடைய சின்ன எலக்ட்ரானிக் தராசு.

நடந்தது இதுதான். வாலாஜாபாத்தில் பன்னீர் சோடா போடும் பரமசிவம் அவருக்குப் பழைய சினேகம். ஆள் உயரச் சிலிண்டரில் குடிக்கிற கேஸாகவே அவருக்கு வருகிறது, அதிலிருந்து சின்னதுக்கு மாற்றுகிற பித்தளை இணைப்பும் வைத்திருக்கிறார். காலி சிலிண்டரை முந்தின நாளே ஃப்ரீசரில் வைத்தால்தான் கேஸ் நன்றாக இறங்குமாம், அப்பா அதை என் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார், நான் கவனிக்கவே இல்லை. பரமசிவம் காதால் கேட்டே நிரப்பிவிடுகிற ஆள். அப்பா விடவில்லை, எடை போட்டே தீருவேன் என்று நின்றிருக்கிறார். சிலிண்டர் மேல் பனி பூத்து ஈரமாக இருக்க, ஈரப் பட்டு எடையில ஏமாத்தும், இதுவும் ஏமாத்தும் என்று துடைத்துத் துடைத்துக் காயவைத்துப் போட்டுப் பார்த்தால் முப்பது கிராம் கூடுதல். இந்த வெயிலில் அளவு மீறினால் ஆபத்து என்று திறந்து வெளியே விடச் சொல்லி, சரியாக நானூறு கிராமில் நிறுத்தியிருக்கிறார். பட்டு எடை போட்ட ஆளு இப்ப காத்தையும் எடை போடறாரு என்று பரமசிவம் சிரித்தாராம். செலவு சென்னை விலையில் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை. முன்னாடியே சொல்லிவிட்டுக் கிடைக்காமல் போனால் நான் ஏங்கிப்போவேன் என்று சொல்லாமல் போனாராம்.

வீட்டுக்கு வந்து முதல் கிளாஸை எனக்குத்தான் கொடுத்தார். நான் அழுதுவிட்டேன், உங்களைச் சந்தேகப்பட்டு அங்கே போய் நின்றுவிட்டேனே என்று. அவர் தலையை நிமிர்த்தவில்லை. நீ நின்னது தப்பில்ல, எத்தினி வருஷம் நான் உன்ன அங்க நிக்க வெச்சேன், அதான் கால் தானா போயிருக்குது என்றார். அவரை நினைத்து எனக்கு இருந்த பயம் அன்றைக்குத்தான் விட்டது கண்ணு. நாளைக்கே என்ன வேண்டுமானாலும் ஆகலாம், ஆனாலும் நான் இனி அங்கே போய் நிற்க மாட்டேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, பாலும் ரொட்டியும் மட்டும் சாப்பாடு ஆகாது. மாப்பிள்ளைக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுது. வரதர் பார்வை உங்கள் இரண்டு பேர் மேலும் எப்போதும் இருக்கட்டும், நீங்கள் நிறைந்து வாழ வேண்டும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. தினமும் போனில் குரலைத் தாழ்த்தி, அப்பா இன்னிக்கு ஒழுங்காம்மா என்று என்னைக் கேட்கிறாயே, அது அவருக்குத் தெரியும், அன்றைக்கு அவரே சொன்னார். நாம் தாராளமாகப் பேச வேண்டும் என்றுதான் அந்த நேரத்தில் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார், நான் இத்தனை நாள் அவருக்குக் காது மந்தம் என்று நினைத்திருந்தேன். இனிமேல் என்னைக் கேட்காதே. போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி, கேஸ் எவ்ளோ இருக்குதுப்பா என்று அவரையே கேள். நிரப்பி வந்ததிலிருந்து தினமும் சிலிண்டரைக் கழற்றி எடை போட்டுக் காலண்டரில் எழுதி வைக்கிறார், யாராவது கேட்பார்களா என்று காத்திருக்கிறார்.

இப்படிக்கு
உன் அம்மா
கௌசல்யா