மேற்கு மேட்டில் ஓர் ஊளை

பிப்ரவரி 9, திங்கள்

தண்ணீர்த் தொட்டி மறுபடியும் உறைந்துவிட்டது. கோடாரியால் உடைத்தேன். ஆடுகள் எல்லாம் சினை, நடையிலேயே தெரிகிறது.

மார்லிஸ் பிஸ்மார்க்கிலிருந்து போன் செய்தாள். அதே பேச்சு. "அப்பா இல்லாம தனியா அந்த ஆட்டையெல்லாம் வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போற? போன வருஷமே பாதிக் குட்டிய கயோட்டி தூக்கிட்டுப் போயிடுச்சு. வித்துட்டு இங்க வந்துடு."

கோபத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "இந்த வருஷமும் அப்படிப் போச்சுன்னா நானே ஏலத்துக்கு ஓட்டிட்டுப் போறேன், போதுமா?" என்றேன். "போதும்" என்றாள். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை.

எமில் போய் நாலு மாதம். கயோட்டி என்கிற அந்தச் சிறு ஓநாயைச் சுடுவது அவர் வேலை, குட்டி எடுப்பது என் வேலை என்று இருந்தது. இனி இரண்டும் என் தலையில்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

தீவனக் கடையில் தோட்டா வாங்கினேன். கடைக்கார லைல் விடுவானா? "என்ன ரோசினாக்கா, கயோட்டிக்கா? இல்ல, எவனாவது பொண்ணு கேட்டு வந்துட்டானா?"

"வந்தா சொல்லி அனுப்புறேன். உனக்கும் ஒரு தோட்டா மிச்சம் வெக்கிறேன்" என்றேன். கடையே சிரித்தது. அப்புறம் அவனே நல்ல விதமாக ஒன்று சொன்னான்: "இது அதுங்க ஜோடி சேர்ற மாசம். பொட்டை மாதிரி ஊளை விடுங்க. ஆண் கயோட்டி தானா ஓடி வரும்."

வீட்டுக்கு வந்ததும் எமில் மாட்டுக்கொம்பில் செய்து வைத்திருந்த ஊதலை எடுத்துக் கொட்டகையில் ஊதிப் பழகினேன். ஆடுகள் ஒரு மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. நாய் வண்டிக்கு அடியில் புகுந்ததுதான், சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. பரவாயில்லை, யாரையாவது ஏமாற்ற முடிகிறதே.

பிப்ரவரி 17, செவ்வாய்

விடியும் நேரத்தில் மேற்கு மேட்டுக்குப் போனேன். பனியோடு பனியாகத் தெரிய எமிலின் வெள்ளை மேலுடையைப் போட்டுக்கொண்டு, கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, கல் குவியலில் சாய்ந்து உட்கார்ந்தேன். காற்று முகத்தில் அடித்தது. நல்லதுதான், என் வாடை பின்னால் போய்விடும்.

மூன்று தடவை ஊளையிட்டேன். ஒன்றுமில்லை. எழுந்திருக்கப் போனபோது மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. நீளமான, கரகரத்த ஊளை. கடைசியில் குரல் உடைந்தது. என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வெகுநேரம் துப்பாக்கியோடு காத்திருந்தேன். வரவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்றும் பதில் சொன்னது. நேற்றும். கயோட்டிகள் சேர்ந்தால் கும்பலாகக் கத்தித் தீர்க்கும். இது ஒற்றை. வயதானதாக இருக்க வேண்டும். துணை செத்திருக்குமோ?

நான் ஊதி முடித்ததும் கொஞ்சம் யோசிப்பதுபோல் நிறுத்தி, பிறகுதான் பதில் தருகிறது. எமிலும் அப்படித்தான். எதைக் கேட்டாலும் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

பிப்ரவரி 23, திங்கள்

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. இன்று துப்பாக்கியின் பூட்டைக்கூட நான் திறக்கவில்லை. சும்மா உட்கார்ந்து ஊளையிட்டேன், அதுவும் ஊளையிட்டது, வீட்டுக்கு வந்தேன். சூப்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டபோது மனசு நிறைந்திருந்தது. எமில் போன பிறகு நான் எழுப்பிய குரலுக்கு மறுகுரல் கொடுத்தது இது ஒன்றுதான். மார்லிஸ் பேசுவாள். ஆனால் பதில் சொல்லமாட்டாள், தீர்ப்புச் சொல்லுவாள்.

பிப்ரவரி 25, புதன்

பனிப்புயல். மேட்டுக்குப் போக முடியவில்லை. இன்று யாரோடும் பேசவில்லை— அந்த 'யாரோடும்' என்பதில் எதைச் சேர்த்திருக்கிறேன் பார்.

பிப்ரவரி 27, வெள்ளி

கிழக்கு வேலியோரம் ஓர் ஆடு செத்துக் கிடந்தது. தொண்டையில் கடி. வயிறு கிழிந்து... உள்ளே இரண்டு குட்டி. இன்னும் ஆறு வாரத்தில் ஓடியாட வேண்டியவை.

என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். தினமும் போய் அதுகூடக் கொஞ்சிட்டு வந்தேனே, அது இங்க வந்து என் ஆட்டைத் தின்னுருக்கு! கிழட்டுத் தனிக்கட்டையாம், துணை செத்துடுச்சாம். யாருக்குடி இந்தக் கதை சொன்ன? மார்லிஸ்கிட்ட என்ன சொல்லுவ?

ஞாயிற்றுக்கிழமை சுடுகிறேன்.

மார்ச் 1, ஞாயிறு

இன்று எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும்.

சர்ச்சுக்குப் போகவில்லை. இருட்டுப் பிரிவதற்குள் மேட்டைச் சுற்றிக்கொண்டு, வெட்டர் நிலத்தின் மரவரிசை வரை ஊர்ந்து போனேன். ஆல்பின் வெட்டர் எங்கள் பக்கத்து நிலத்துக்காரன். ஒன்பது வருடத்துக்கு முன்னால், விடியற்கருக்கலில் கயோட்டி என்று நினைத்து எங்கள் காவல் நாயைச் சுட்டவன். எமில் அதற்குப் பிறகு அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும்தான். எமிலின் அடக்கத்துக்குக்கூட அந்த ஆள் வரவில்லை.

நான் ஊதவே இல்லை. அது தானாகவே ஊளையிட்டது, கூப்பிடு தூரத்தில். துப்பாக்கியின் தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். புதருக்கு மேலே ரோமம் தெரிந்தது, சாம்பலும் பழுப்புமாக. அசைந்தது. பூட்டைத் திறந்தேன். விசையில் விரலை வைத்தேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன்.

இருமல் சத்தம்.

கயோட்டி இருமி நான் கேட்டதில்லை. தொடர்ந்து, எங்கள் ஊர்ப் பாட்டன்மார் கொண்டுவந்த ஜெர்மன் வசவு ஒன்று. துப்பாக்கியைப் பனியில் போட்டுவிட்டேன்.

"யார்ரா அது?"

"நான்தான். ரோசினா."

புதருக்கு மேலே ஆல்பின் வெட்டர் எழுந்து நின்றார். வெள்ளை மேலுடை, கையில் ஊதல், தலையில் கயோட்டித் தோல் தொப்பி. என்னைப் பார்த்தார். என் கழுத்தில் தொங்கிய கொம்பைப் பார்த்தார்.

"ரெண்டு வாரமா அந்த மேட்டுல கத்துனது... நீயா?"

"நான்தான்."

"அடக் கடவுளே! நல்ல வயசுப் பொட்டைன்னு நெனச்சுல்ல தொண்டை கிழியக் கூப்பிட்டேன்!"

"நான் உங்கள ஏதோ கெழடுன்னு நெனச்சேன். அது மட்டும் சரியாப் போச்சு."

அவர் சிரித்தார். எனக்கு வரவில்லை. "ஆல்பின், இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தா சுட்டிருப்பேன். அந்தத் தொப்பி... சத்தியமா எனக்குக் கயோட்டியாத்தான் தெரிஞ்சுது."

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கு எனக்கும் சத்தியமா அப்படித்தான் தெரிஞ்சுது, ரோசினா."

பனியில் கிடந்த துப்பாக்கியை எடுத்துப் பூட்டைப் போட்டேன்.

மார்ச் 2, திங்கள்

நாய்க்கும் கயோட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவன் மனுஷனா என்று ஒன்பது வருடமாகக் கேட்டிருக்கிறேன். எமில் ஓய்ந்தாலும் நான் ஓய்ந்ததில்லை. கயோட்டியைப் பார்த்தே தீர வேண்டும் என்று போகிறவளுக்குக் கயோட்டிதான் தெரியும். எமில் இருந்தால் அவரிடம் சொல்லலாம். ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனாலும் சொல்லலாம்.

மார்ச் 5, வியாழன்

ஆல்பினின் வண்டி முற்றத்தில் வந்து நின்றது. இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினார். "நாம ரெண்டு பேரும் கூவிக்கிட்டிருந்த சத்தத்துல, 'ஓகோ, மேற்குப் பக்கம் ஆள் இருக்கு'ன்னு அதுங்க கெழக்கால வந்து உன் ஆட்டத் தின்னுட்டுப் போயிருக்கு. இனிமே ஒருத்தர் கூப்பிடணும், ஒருத்தர் சுடணும். தனித்தனியாப் போனா ஒருத்தர ஒருத்தர்தான் கொன்னுக்கணும்."

"எமில் அடக்கத்துக்கு ஏன் வரல?" என்று கேட்டேன். மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது.

"வந்தேன். சர்ச் வாசல்ல வண்டியிலேயே உக்காந்திருந்தேன். உள்ள வந்தா நீ எல்லார் முன்னாடியும் வெளிய போன்னு சொல்லிடுவியோன்னு பயம்."

சொல்லியிருப்பேன்.

மார்ச் 14, சனி

கிழக்குப் பள்ளத்தில் அவர் கூப்பிட்டார், நான் சுட்டேன். ஆண். காதைத் தூக்கிக்கொண்டு நம்பி வந்தது. பெண் ஓடியது, ஓடியது அப்படியே போகாமல், விழுந்து கிடந்த ஆணிடம் திரும்பி வந்து முகர்ந்தது. அதை ஆல்பின் சுட்டார். ஆட்டைக் கொன்ற ஜோடி இதுதான், தடம் ஒத்துப்போகிறது. சந்தோஷப்பட வேண்டும்.

"வேலியில தொங்கவிடட்டுமா?" என்று கேட்டார், மற்றதுகளுக்குப் பயம் காட்ட எல்லோரும் செய்வதுபோல. வேண்டாம் என்றேன். இரண்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

குட்டிகள் எல்லாம் பிறந்துவிட்டன. குளிரில் போனவை தவிர ஒன்றும் போகவில்லை. மார்லிஸ் வந்து மேய்ச்சல் நிலத்தில் நின்று பார்த்தாள். "ஜெயிச்சுட்டம்மா. இனிமே விக்கச் சொல்ல மாட்டேன்" என்று கட்டிக்கொண்டாள். மதியமே கிளம்பிவிட்டாள்.

ஜெயித்தேன்தான். விடியற்காலை எழுந்தால் ஒரு சத்தம் இல்லை. கயோட்டி இல்லை, அதனால் ஆல்பினும் இல்லை. இங்கே வேலை இல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. அதிலும் புருஷன் போனவள் வீட்டுக்கு. லைல் கடைக்கு அதுவே ஒரு மாதத் தீவனம்.

ஏப்ரல் 30, வியாழன்

தீவனக் கடையில் ஆல்பினைப் பார்த்தேன். "காத்து ஜாஸ்தியா இருக்கு" என்றார். "ஆமா" என்றேன். அவ்வளவுதான். இரண்டு கிழங்களும் ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்து அழுதேன். எதற்கு?

மே 10, ஞாயிறு

அன்னையர் தினம். மார்லிஸ் பூ அனுப்பியிருந்தாள்.

விடியற்காலை மேற்கு மேட்டுக்குப் போனேன். குட்டிகளுக்குக் காவலாக என்று வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டே நடந்தேன். பாதி வழியில் அந்தப் பொய்யையும் விட்டேன்; துப்பாக்கி கொண்டுபோகவில்லையே.

ஒரே ஒரு தடவை ஊளையிட்டேன். பதில் இல்லை. ரொம்ப நேரம் காத்திருந்தேன். எவ்வளவு அசடு நான் என்று நினைத்துக்கொண்டு எழுந்தபோது, ஆல்பின் மேடேறி வருவது தெரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, கையில் காப்பிக் குடுவையோடு.

"கயோட்டி எதுவும் இல்ல, ஆல்பின்" என்றேன். "நான்தான்."

"தெரியும்" என்றார். "அதான் துப்பாக்கி எடுத்துட்டு வரல."

ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்க இன்று நேரமாகிவிட்டது.