ஆறாம் நிலையத்திலிருந்து வந்த செய்தி

மொன்றியல்
12 யூன் 2006

அன்பு மகள் மெலனிக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். ஹலிபக்ஸில் உனக்கும் மாதா துணை நிற்பா என்று நம்பி எழுதுகிறேன். இன்று விடிய எழும்பி முதல் வேலையாக என் வோக்கி டோக்கியைத் துடைத்து, குசினி லாச்சிக்குள் கரண்டிகளோடு வைத்து மூடினேன். தேத்தண்ணிக்குக் கரண்டி எடுக்கத் திறந்தால் அது அங்கேயே கிடந்தது. திரும்ப எடுத்து மேசையில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நேற்று நீ ரெலிபோன் எடுத்தபோது அப்பா பக்கத்தில் இருந்ததால் சனிக்கிழமை நடந்ததைச் சொல்லவில்லை.

போன வருஷம் நான் அமெச்சூர் ரேடியோச் சோதனை பாஸ் பண்ணியது உனக்குத் தெரியும். ஊரில் படித்த பௌதிகம் இருபது வருஷம் கழித்து இந்த ஒன்றுக்குத்தான் உதவியது. கோயிலில் மைக் பூட்டுகிற பேனாட் அண்ணைதான் சேர்த்துவிட்டார். வெள்ளம் வந்தோ கரண்ட் போயோ ரெலிபோன் எல்லாம் படுத்துவிட்டால் செய்தி கடத்துவதற்கு இந்தத் தொண்டர்கள். ஒன்றும் வராத நாட்களில் சைக்கிள் ஓட்டம், நடைபவனி என்று நின்று பழகுகிறோம். மத்தியானம் ஒரு சான்ட்விச் தருவார்கள். அப்பாவுக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஊரில பற்றறி வைச்சிருந்ததுக்கே ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போனவங்கள், நீர் அரசாங்கத்திட்டை நீராய்ப் போய்ப் பேர் குடுத்திருக்கிறீர், விலாசமுமோ என்று கேட்டார். ஓம், விலாசமும்தான் என்றேன். எல்லாரிட்டையும் செல்போன் இருக்க இதென்னத்துக்கு என்றார். ஒருவர் சொன்னால் எல்லா இடத்திலும் ஒரே நேரம் கேட்கும் என்று விளங்கப்படுத்தினேன். அதுதான் பிரச்சினை என்றார்.

சனிக்கிழமை அஹுன்ட்சிக்கில் ஆற்றங்கரையோரம் சிறுநீரக நோயாளருக்காக ஒரு சைக்கிள் ஓட்டம். வழி நெடுக எட்டு நிலையங்கள். ஆறாம் நிலையம் பாலத்துக்குக் கீழே, அங்கிருந்து கதைத்தால் பேனாட் அண்ணை இருந்த தலைமைக் கூடாரத்துக்குக் கேட்காது. அதனால் நான் பாலத்தின் மேலே நின்று, ஆறாம் நிலையம் சொல்வதைக் கேட்டு, வேறு அலைவரிசையில் கூடாரத்துக்குச் சொல்ல வேண்டும். என் வேலை அவ்வளவுதான். பதினொரு மணிபோல் கீழே நின்ற மனுஷன், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, நிதானமாகச் சொன்னார்: அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், இடது கை நோகிறதாம், நன்றாக வேர்க்கிறது, எழும்ப ஏலாமல் இருக்கிறார். நான் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். எழுதிவிட்டு, ஒருவருக்குக் கொஞ்சம் சுகமில்லை, இருந்து களை ஆறுகிறார் என்று கூடாரத்துக்குச் சொன்னேன். பிரெஞ்சு வராமல் இல்லை, சொல் எல்லாம் வாயில் இருந்தது. அவர்கள் தண்ணீர் வானை அனுப்பினார்கள். ஒன்பது நிமிஷம் கழித்துக் கீழே நின்றவர் அம்புலன்ஸ் எங்கே என்று கேட்டபோதுதான் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அந்த அறுபது வயது மனுஷன் தப்பிவிட்டார். மாரடைப்புத்தான், சத்திரசிகிச்சை முடிந்து கதைக்கிறாராம். பின்னேரம் பேனாட் அண்ணை கீழ்நிலையத்துக் கொப்பியையும் என் கொப்பியையும் தன்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏன் தங்கச்சி மாத்திச் சொன்னனீர் என்று மட்டும் கேட்டார். அவையள் பதறிப்போவினம் எண்டு என்றேன். பதறத்தானே அவையள் அங்க இருக்கினம் என்றார். பேந்து எனக்கு ஒரு சான்ட்விச் எடுத்துத் தந்தார்.

நான் யோசித்துப் பார்த்தேன். உன் சித்தப்பா செத்த அன்று லண்டனில் இருக்கிற சொந்தங்களுக்கு நான்தான் ரெலிபோன் எடுத்து, கொஞ்சம் சுகமில்லை, வந்தால் நல்லது என்றேன். அவர்கள் உடனே அழத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்களுக்கு அது விளங்கும். கூடாரத்தில் இருந்தவர்களுக்கு விளங்க நியாயமில்லை. உனக்கும் விளங்கியிராது, நீ இங்கே வளர்ந்த பிள்ளை.

பாமசிப் படிப்பை விட்டு நீ பேக்கரிக்குப் போன இந்த ஒன்றரை வருஷமும், ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்ன சொல்றார் என்று நீ கேட்க, நீ சாப்பிட்டியோ எண்டு கேக்கிறார் என்று சொல்லி வந்தேன். அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. பாண் போடவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள் என்றுதான் சொன்னார், பதினாலு வருஷமாக ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவுகிற மனுஷன். நத்தார்ப் பண்டிகைக்கு நீ வராதபோது உன் அறையை வாடகைக்கு விடலாம் என்றார். அப்பா தானாய்க் கூப்பிடாமல் வரமாட்டன் எண்டு சொல்லுங்கோ என்று நீ ஏப்ரலில் சொன்னாய். அவளுக்கு லீவு இல்லையாம் என்று நான் சொன்னேன். இரண்டு மாதமாக அவர் உன் முதலாளியோடு கோபமாக இருக்கிறார். போன மாதம் ஒருநாள் ரெலிவிஷனைப் பார்த்தபடியே, அவ போடுற பாண் எப்பிடி இருக்கும் என்று கேட்டார். நக்கலா உண்மையா என்று தெரியாததால் அதையும் உனக்குச் சொல்லவில்லை. அதை முடிவெடுக்க வேண்டியவள் நான் இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. நேற்றும், சனிக்கிழமைக்கு அடுத்த நாளே, சாப்பிட்டியோ என்றுதான் சொன்னேன்.

அடுப்பில் சுட்ட கைக்கு மருந்து பூசு, தண்ணீர் படவிடாதே. பூசைக்குப் போகாவிட்டாலும் படுக்கும்போது ஒரு செபமாவது சொல். மாதா உன்னைக் கைவிடமாட்டா, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு. இந்தக் கடிதம் வெள்ளிக்கு முன் கிடைக்கும். ஞாயிறு பத்து மணிக்கு மறக்காமல் எடு. அப்பாவுக்கும் இன்னும் சொல்லவில்லை, ஒருவருக்கும் சொல்லவில்லை: மணி அடித்ததும் ரிசீவரை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, நான் பால் வாங்க மூலை டெப்பனர் கடைக்குப் போவேன். வீட்டில் பால் இருக்கிறது.

உன் அம்மா,
றெஜினா தேவதாசன்