மாப்பிள்ளை எந்த ஊரு

14 அக்டோபர் 2009, புதன்

ஹைதராபாத் கல்லூரிக்கு எம்.பி.ஏ. விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். என்னைப் போல டிகிரி கடைசி வருடம் படிக்கும்போதே இடம் தருவார்கள். இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத்தான் சேர வேண்டும். காலையில் அம்மாவுக்கு அது விளங்கவில்லை. “இப்ப நிச்சயம், ரெண்டு வருஷங் கழிச்சுக் கல்யாணம், அது மாதிரிம்மா” என்று சொல்லித் தொலைத்தேன்.

காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தில் அம்மா அதை அப்படியே சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை வந்து, “மாப்ள எந்த ஊரு அண்ணி?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா அசரவில்லை.

“ஹைதராபாத்து.”

அத்தை போனதும் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

“இருக்கட்டும்டி. ரெண்டு வருஷத்துக்கு எவனும் பொண்ணு கேட்டு வரமாட்டான்ல” என்றாள்.

அம்மாவுக்கு எல்லாம் விளங்கித்தான் இருக்கிறது. இனி மாப்பிள்ளை வீட்டார்தான் சம்மதிக்க வேண்டும்.