வலை இல்லாத கொட்டகை

ஜூன் 11, 2024 – செவ்வாய்
ராசிபுரம் வந்து ஒரு மாதம். இன்று நான் பேசியது இரண்டே பேரிடம்: டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர். கட்டடக் கலைஞர் வேலை: இங்குள்ள கல்லூரிக்கு ஒரு மாணவர் கூடம் வரைந்து தர வேண்டும். பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து பேச ஓர் இடம். "இந்த ஊர்லயே மொளச்ச மாதிரி இருக்கோணுங்க மேடம்" என்றார் தாளாளர். ஊரை எங்கே போய்ப் பார்ப்பது? எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் ஜன்னல்தான்.

ஜூன் 19 – புதன்
கிடைத்துவிட்டது! கோழிப்பண்ணை. வெண்ணந்தூர் போகும் வழியெங்கும் கிழக்கு மேற்காக நீண்ட கொட்டகைகள். வெயில் நுழையாது, காற்று நுழையும். நீளக் கூரை, இரு பக்கமும் கம்பி வலை. கூடத்தை அதே போல் ஒரே மூச்சில் வரைந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ஒருவரும் தேறவில்லை.

ஜூலை 18 – வியாழன்
மாணவர்களிடம் மாதிரியைக் காட்டினேன். பின்வரிசையில் ஒருவன் கொக்கரித்தான். சிரிப்பு. பிறகு இரண்டாம் ஆண்டு கயல்விழி எழுந்தாள்.

"பாதிப் பேர் ஹாஸ்டல் ஸ்கூல்ல ரெண்டு வருசம் அடைஞ்சு கெடந்து மார்க் வாங்குனவங்க மேடம். பிராய்லர் கோழின்னுதான் எங்களச் சொல்லுவாங்க. மறுக்காவும் வலைக்குள்ளயே உக்காரச் சொல்றீங்களா?"

காது சுட்டது. எனக்கு ஏன் தோணல? மேட்டூரிலிருந்து அப்பா என்னைக் கொண்டுபோய் விட்டதும் அப்படி ஒரு ஹாஸ்டல்தானே! ஒருத்தரை, ஒரே ஒருத்தரைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாங்களே. கேக்கலையே நான். ரெண்டு மாசமா வாயே தொறக்கலையே.

ஜூலை 19
ஒன்றும் வரையவில்லை.

ஜூலை 22 – திங்கள்
கேன்டீனில் தட்டோடு போய்க் கயல்விழியின் எதிரே உட்கார்ந்தேன். என்ன வேண்டும், நீயே சொல் என்றேன்.

"கதவு வேண்டாங்க. பூட்டறதுக்கு ஒண்ணுமே இருக்கக் கூடாது."

பக்கத்திலிருந்த பிரவீனா சொன்னாள்: "கூரை இருக்கட்டுங்க. எங்கப்பா மத்தியானம் பண்ணைக் கொட்டாய்லதான் படுப்பாரு. அம்புட்டுக் காத்து."

ஆகஸ்ட் 9 – வெள்ளி
கூரை அப்படியே. வலை போய்விட்டது. நாலா பக்கமும் படிகள். எங்கே வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். "கதவே இல்லீன்னா எப்படிங்க பூட்டறது?" என்றார் தாளாளர். பூட்டுவதாக இருந்தால் நான் வரையவில்லை என்றேன். நானா பேசியது? அவர் முறைத்துக்கொண்டே வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 7, 2025 – திங்கள்
திறப்பு விழாவுக்கு என்னை அழைக்க மறந்துவிட்டார்கள். வருத்தம்தான், இல்லாமல் என்ன. இன்று நானாகப் போனேன். உச்சி வெயில். படிகள் நிறையப் பிள்ளைகள், தெரிந்த முகம் ஒன்றுமில்லை. திரும்பிவிடலாம் என்று தூணோரம் நின்றேன்.

ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள். "ஏனுங்கக்கா நிக்கறீங்க? உக்காருங்க." டிபன் பாக்ஸ் மூடியில் பாதித் தயிர்ச்சாதத்தை வைத்து என் பக்கம் தள்ளினாள்.

நான் வரைந்தது என்று சொல்லவில்லை. பேசிக்கொண்டிருந்ததில் மூன்றரை மணி பஸ்ஸை விட்டுவிட்டேன்.