முதுகை மட்டும் பார்த்த சாட்சி

மோகனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அபிநயாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், தூத்துக்குடியில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, வாழையும் குலை தள்ளிவிட்டது. நீ அரசு வக்கீலாகச் சேர்ந்ததை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடம்கூட அம்மா சொல்லிவிடுகிறாள். போனில் சொல்ல வாய் வராத ஒன்றை இதில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி சாமி.

நீ சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம் படித்தபோது, நம் ஊர் உண்ணாமலை அம்மாளை அடித்து நகையைப் பறித்துக்கொண்டு ஒருவன் ஓடினானே, அந்த வழக்கில் நான் சாட்சி சொன்னது உனக்குத் தெரியும். ஓடியவனின் முதுகைத்தான் பார்த்தேன், முகம் தெரியவில்லை என்றுதான் போலீசில் முதலில் சொன்னேன், அவர்களும் எழுதிக்கொண்டார்கள். விசாரணைக்கு முந்தின நாள் அரசு வக்கீல் தன் அறைக்குக் கூப்பிட்டு, "முகத்தைப் பாத்தேன்னு சொல்லுங்க, இல்லாட்டி கேஸ் நிக்காதுங்க. போலீஸ் புடிச்சு வெச்சிருக்கறவன்தான் பண்ணுனான், எங்களுக்குத் தெரியும்" என்றார். படித்தவர் சொல்கிறாரே என்று நானும் கூண்டில் ஏறி, கரும்பு வெட்ட வந்த பச்சமுத்துவைக் கை காட்டிவிட்டேன். என் முதல் வாக்குமூலத்தை அவர் எதிர்த்தரப்புக்குக் காட்டவே இல்லை. அவனுக்கு ஏழு வருஷம் தண்டனை.

அவன் மனைவி பூவாத்தாள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுக் கேட்டு அந்த முதல் வாக்குமூலத் தாளை வாங்கிவிட்டாள். ஐந்து வருஷம் உள்ளே கிடந்தவனைப் போன மாதம் ஹைகோர்ட் விடுதலை செய்தது. அந்த வக்கீலை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, வழக்கம்போல் கோர்ட்டுக்குப் போய்வருகிறார். நான் பச்சமுத்துவைப் பார்க்கப் போனேன், திட்டுவான் என்று நினைத்தேன். "ஓடுனவன் என்னைய மாதிரி இருந்தானுங்களா?" என்று மட்டும் கேட்டான். இல்லை, உன்னைவிட உயரம் என்றேன். "அதைய அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே" என்றான். அவன் சிறைக்குப் போனபோது கைக்குழந்தையாக இருந்த மகள், அவனிடம் போகாமல் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த வக்கீலின் அறையில் நடந்ததை எழுதி, வெள்ளிக்கிழமை மெட்ராஸ் ஹைகோர்ட்டில் மனுவாகக் கொடுக்கப் போகிறேன். எல்லாத் தாளும் இரண்டு தரப்புக்கும் போயே ஆக வேண்டும், மறைத்தவர் பதில் சொல்ல வேண்டும் என்றும் அதில் கேட்கப் போகிறேன். பொய்ச் சாட்சி சொன்னதாக என் மேலும் வழக்கு வரலாம், உன் வேலை இடத்தில் உன்னையும் பேசுவார்கள். அதற்கு என்னை மன்னித்துவிடு, ஆனால் நிறுத்தச் சொல்லாதே. நேற்று அம்மாவிடம் சொன்னேன். எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, "வெள்ளிக்கிழமை மெட்ராசுக்கு நானும் கூட வாரேனுங்க" என்றாள்.

நல்ல பேரோடு நீடூழி இரு கண்ணு. கோர்ட்டுக்குப் போகுமுன் வயிறாரச் சாப்பிடு.

உன் அப்பா,
அர்த்தநாரி