இரவுக் காவல் முடிந்த பிறகு

ஆகஸ்ட் 4, திங்கள்

காற்று. ஆடிக்காற்று மேலப்பாளையத்தையே தூக்கிக்கொண்டு போய்விடும் போல. மாடித் தகரம் இரவு முழுக்க அடித்தது. முழுக்கக் கேட்டேன்.

சவூதியில் தம்மாமிலிருந்து வந்து மூன்று மாதம். மகள் சபீனா பிறப்பதற்கு முன்பே போனவன். அத்தனை வருடமும் ஒரே சரக்குக் கிட்டங்கியில் இரவுக் காவல், பகலில் தூக்கம். வேலையை விட்டுவிட்டேன். உடம்பு இன்னும் அங்கேயே நிற்கிறது.

முந்தாநாள் ஜங்ஷன் சிமெண்டுக் கடையில் முதல் நாள். மதியம் மூட்டைமேல் உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். கொத்தனார்கள் முன்னால் முதலாளி அண்ணாச்சி எழுப்பினார்.

"என்ன வே, கடையப் பாப்பீருன்னு கூப்புட்டா கனாப் பாக்கீரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "உம்ம மேல ஒரு கொறையும் இல்ல. தூக்கத்தச் சரி பண்ணிட்டு மாசக் கடைசில வாரும்."

வீட்டில் சொன்னேன். மனைவி ஜன்னத் சிரிக்கவில்லை. "ராத்திரி எந்திச்சு கதவு கதவா இழுத்துப் பாக்கீங்க. எனக்குந்தான் தூக்கம் போச்சு. இந்த மாசம் பூரா நான் சொல்லுதபடி இருங்க. முடியுமா முடியாதா?"

முடியும் என்றேன். ரோஷம்.

அவள் போட்ட சட்டம்: பகலில் தலை சாய்க்கக் கூடாது. சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு டீ இல்லை. இரவு சாப்பிட்டதும் போன் அவள் கையில். தூங்கினாலும் தூங்காவிட்டாலும் விடிகாலை சுபுஹு தொழுகைக்கு எழுந்து ஆறு வரை நடை. கதவுகளை ஒரே தடவைதான் பார்க்கலாம்.

சபீனா: "நானும் போனக் குடுத்துருதேன் வாப்பா." அவளாக வந்து என்னிடம் பேசியது. குறித்துவைக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

நடை, குறிச்சி வரை. ஆற்றில் நல்ல தண்ணீர். அணை திறந்திருப்பார்கள். துணி துவைக்கிறவர்கள் எனக்கு முன்பே வந்துவிடுகிறார்கள். எப்போது தூங்குகிறார்கள்?

மதியம் கண் எரிச்சல். உட்கார்ந்தால் போச்சு. ஃபேன் துடைத்தேன். தையல் மிஷினுக்கு எண்ணெய். வெங்காயம் உரித்தேன், சட்டி நிறைய.

"இவ்வளவு உள்ளிய வச்சு நான் என்ன செய்ய? விருந்தா வருது?" - ஜன்னத்.

டீ இல்லாமல் மண்டையிடி. வாசல் கதவைச் சாத்தவில்லை என்று சபீனாவிடம் கத்திவிட்டேன். முகம் சுருங்கிப்போனாள். வெறும் கதவு. எதற்கு அவ்வளவு சத்தம்?

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜும்ஆ பயானில், இமாம் பேசப் பேசக் கண் சொக்கியது. பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார். பள்ளிவாசலில் தூங்கியது கணக்கில் வராது என்று வீட்டில் வாதாடினேன். எடுபடவில்லை.

சாயங்காலம் செய்யது போன். தம்மாமில் ஒரே அறையில் இருந்தவன்.

"மாப்ள, ஒன் பழைய எடம் காலியாவுது. ராத்திரி வேலதான். ஒனக்குப் பழக்கந்தானே? அடுத்த வெள்ளிக்குள்ள சொல்லிரு லே."

பழக்கந்தானே. அங்கே நான் சரியாகத்தான் இருந்தேன். யாரும் எழுப்பவில்லை, யாரும் சிரிக்கவில்லை. இங்கேதான் எங்கே நிற்பது, எங்கே உட்காருவது என்று தெரியாமல்.

ஜன்னத்திடம் சொல்லவில்லை. படுத்தேன், புரண்டேன். இரண்டு தலையணை, ஒரு தலையணை, தலையணையே இல்லாமல். எதுவும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஜன்னத் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"செய்யது என்ன சொன்னாவ?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

"அவர் பெஞ்சாதி எங்கிட்ட பேச மாட்டாளா? வெள்ளிக்கெழமையே தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

தண்ணீர்க் குழாயை நிறுத்தினேன், மறுபடி திறந்தேன்.

"போவணும்னா போங்க. நான் தடுக்க மாட்டேன். ஆனா தூக்கம் வரலன்னு போவாதீங்க."

பிறகு மீனைப் பற்றித்தான் பேசினாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காற்று கொஞ்சம் அடங்கியது. விடிகிறவரை இல்லாவிட்டாலும் நல்ல துண்டுத் தூக்கம். கனவில் கிட்டங்கி, ஷட்டர்கள், பக்கத்துத் தெரு நாய். எழுந்தபோது எந்த ஊர் என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

நடை. டீ, காலையில் மட்டும். ரொம்ப ருசி.

ஆகஸ்ட் 13, புதன்

பள்ளிக்கூடம் விட்டு வந்து சபீனா பக்கத்தில் உட்கார்ந்தாள். கடலை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அங்க ராத்திரி பூரா என்ன செய்வீங்க வாப்பா?"

"நடப்பேன். சுத்திச் சுத்தி வருவேன்."

"பேசுததுக்கு ஆளே கெடையாதா?"

"நீதான் போன்ல பேசுவியே."

"நான் ரெண்டு நிமிசந்தான பேசுவேன். அப்புறம் உம்மாட்ட குடுத்துருவேன்."

கடலைத் தோல் காற்றில் பறந்தது. பொறுக்குவதற்கு இரண்டு பேருமாக ஓடினோம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில். பயந்துபோய் எழுந்தேன். சுபுஹு போய்விட்டது. விட்டுப்போனதற்குக் களா தொழுதேன். வெட்கம் ஒரு பக்கம். உடம்பு முழுக்க லேசாக, காய்ச்சல் விட்டதுபோல்.

சபீனா கொடியேற்றத்துக்குச் சீருடையில் கிளம்பி நிற்கிறாள். "செய்யது மாமா விடிய முன்ன போன் போட்டாங்க. நாந்தான் எடுத்தேன்."

"என்ன சொன்ன?"

"வாப்பா தூங்குதாங்கன்னு. அவங்க நம்பல. ஒங்க வாப்பாவா, ஒங்க வாப்பாவான்னு திருப்பித் திருப்பிக் கேக்காங்க."

ஜன்னத் அடுப்படியிலிருந்து சிரிக்கிற சத்தம்.

சபீனாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வாசலில் நின்றே செய்யதுவைக் கூப்பிட்டேன். வரவில்லை என்றேன்.

"நல்லா யோசிச்சியா லே? பெறவு வருத்தப்படாத."

"யோசிக்கல. தூங்குனேன்."

ஏசினான். பிறகு, "சரி லே, எனக்கும் சேத்துத் தூங்கு" என்றான்.

வைத்த பிறகுதான் யோசனை வந்தது. தவறு செய்துவிட்டேனோ. அண்ணாச்சி வேலைக்கு எடுக்காவிட்டால்?

ஆகஸ்ட் 16, சனி

இரவு மோசம். ஒரு நாள் தூங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று எவன் சொன்னான். காற்று மறுபடி. அண்ணாச்சி, செய்யது, சிமெண்டு, விசா, எல்லாம் ஒன்றாகச் சுற்றியது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து படுக்கும்போது ஜன்னத், தூக்கத்திலேயே, கண்ணைத் திறக்காமல்:

"எங்க போறீங்க?"

"எங்கயும் இல்ல. இங்கனதான்."